மொழிபெயர்ப்புக் கூலி

உப்புவெளியில் கடல் பார்த்த விடுதி.
குளிரூட்டிய மண்டபம், நாற்பது கதிரை.
கொழும்பிலிருந்து வந்த டெவின் என்ற பொடியன்
திரையில் பெட்டிகள் வரைந்து
பெட்டிக்குப் பெட்டி சங்கிலி மாட்டினான்.
பக்கத்தில் நின்று
அவன் இங்கிலீசைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்,
அரை நாளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு.

"இதில் எழுதினால் அழிக்க முடியாது."
சொன்னேன்.
"ஒருவர் கையில் இல்லை, எல்லார் கையிலும் இருக்கும்."
சொன்னேன்.
"யாரையும் நம்பத் தேவையில்லை."
அதில் நாக்கு இடறியது.
நம்பிக்கை தேவையற்ற என்பதா,
நம்பிக்கையற்ற என்பதா?
இரண்டாவது சொல்லுக்குள்
இந்த ஊரில் நிறையப் பேர்
ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.

காணி உறுதிகளையெல்லாம்
பிளாக்செயினில் ஏற்றுவார்களாம்.
பரிசோதனை முதலில் எங்கள் மாவட்டத்தில்.
எதையும் முதலில் எங்களில்தான் பரிசோதிப்பார்கள்;
இதை நான் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஜெஸீமா
கை உயர்த்தினார்.
பொலித்தீன் உறைக்குள் இரண்டு உறுதிகள்.
ஒரே காணி, ஒரே இருபது பேர்ச்.
ஒன்று வாப்பாவின் பேரில், எண்பத்திரண்டாம் ஆண்டு.
மற்றது,
ஊரோடு எழும்பி ஓடிக் கந்தளாயில் கிடந்த கிழமைகளில்
யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்தது.
இரண்டிலும் முத்திரை. இரண்டிலும் நொத்தாரிசு.
காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பேர் வைத்தவன்
பகிடி தெரிந்தவன்.

"தம்பி, இதில எத ஏத்துவீங்க?"
"சரிபார்த்த அதிகாரி ஏற்றுவார்."
"எந்தக் கந்தோர் அதிகாரி?"
"காணிக் கந்தோர்."
"அப்ப அதே கந்தோர்தானே."
மண்டபம் சிரித்தது.
சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை,
அவனுக்கு விளங்கியிருந்தது.

பிறகு அவர் இருந்தபடியே கேட்டார்:
"பொய்ய முதல்ல ஏத்திப்போட்டா
அதையும் அழிக்க ஏலாதா?"

அதை இங்கிலீசில் சொல்ல
எனக்கு ஒரு மூச்சுப் போதுமாயிருந்தது.
பதிலுக்கு அவன் பதினைந்து நிமிடம் பேசினான்.

காகிதம் ஒன்றும் யோக்கியமில்லை, தெரியும்.
ஒல்லாந்தன் தோம்பு எழுதிய காலந்தொட்டு
ஏடு, எழுதுகிறவன் பக்கம் சாய்ந்துதான் படுக்கும்.
அலை வந்த மார்கழியில்
திருக்கடலூரில் அலுமாரியோடு போன உறுதிகளை
மீன்கள் வாசித்திருக்கும்.
புதிதாய் ஒன்று வந்தால் நல்லதுதான்.
ஆனால் என் மச்சான்
கட்டாரில் ஆறு வருடம் வெயில் குடித்த காசை
நாய்முகம் போட்ட நாணயத்தில் போட்டான்.
அந்தக் கணக்கு
ஒரு சதம் பிசகாமல் இன்றும் இருக்கிறதாம்,
யாரும் போய்ப் பார்க்கலாமாம்.
காசுதான் இல்லை.

தேநீர் இடைவேளையில்
வாப்பாவின் உறுதியை வாங்கிப் பார்த்தேன்.
வடக்கே கச்சிமுகம்மது வளவு.
கிழக்கே ஒழுங்கை.
தெற்கே பொதுக் கிணறு.
மேற்கே வள்ளிப்பிள்ளை வேலி.
கிணறு தூர்ந்துவிட்டது.
வள்ளிப்பிள்ளையின் பிள்ளைகள் டொரண்டோவில்.
கச்சிமுகம்மதுவின் மகன் இருக்கிறார்,
"கேட்டா வந்து சொல்லுவார், எல்லை அவருக்குத் தெரியும்,
ஆனா இப்ப காது கேக்கிறேல்ல."

பிரியாணிக்குப் பிறகு
கணக்குப் பிள்ளை ஒரு சீ.ஆர். கொப்பியோடு வந்தாள்.
பேர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.
மூன்று மொழியில் கையெழுத்துகள், ஒரு பெருவிரல்.
"சாப்பாட்டு பில்லுக்கு வேணும்,
இதில்லாட்டி ஹெட் ஒபிஸ் நம்பாது" என்றாள்.
எனக்கான வவுச்சரில் முத்திரை ஒட்டி
அதன் குறுக்கே கையெழுத்து வைத்தேன்.
டெவின் சாட்சிக்கு வைத்தான்.
பேனை அவனுடையது.

பஸ் நிலையத்தில் குப்பைத் தொட்டியருகே
ஊர் மான் ஒன்று
யாரோ எறிந்துபோன வழுவழுப்பான கையேட்டை
சங்கிலிப் படத்திலிருந்து மெல்லத் தொடங்கியிருந்தது.
மூதூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
ஜெஸீமா தன் பொலித்தீன் உறையை
மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.